சின்ன எஞ்சினுக்குச் சாராயம் எதற்கு?

ட்ரோன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் ரீங்காரம் போடும் கேமராதான் நினைவுக்கு வரும். அது மின்கலத்தில் ஓடுவது. அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். மணிக்கணக்கில் பறக்க வேண்டிய ஆளில்லா விமானங்கள் பலவற்றில் இன்றும் பிஸ்டன் எஞ்சின்தான். தோப்புக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எஞ்சினுக்கு அது நெருங்கிய சொந்தம். அதற்கு எதை ஊற்றுவது என்பதில்தான் என் சண்டை.

கடற்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், "பந்தயக் காருக்கே ஆல்கஹால் ஊற்றுகிறான், பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏன் ஐயா புலம்புகிறீர்?" என்கிறார். சாராயம் சர்வரோக நிவாரணி என்று நம்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

பள்ளியில் எங்களுக்குப் பாடம் பிரெஞ்சில். அந்த மொழியில் பெட்ரோலுக்கு எஸ்ஸான்ஸ் என்று பெயர். பெத்ரோல் என்றால் கச்சா எண்ணெய். பழைய பேச்சில் விளக்குக்கு ஊற்றும் சீமெண்ணெயும் அதுதான். சீமெண்ணெய் விளக்கில் எஸ்ஸான்ஸ் ஊற்றினால் வீடு போகும். பெயரைப் பார்த்து ஊற்ற வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டோம்.

பந்தயக் கார் வாதத்துக்கு வருவோம். மாடல் விமானக்காரர்கள் மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றுவது வழக்கம். (ஆம், நம்மை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த அதே விளக்கெண்ணெய்.) எஞ்சின் துள்ளி ஓடும், உண்மை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 43 மெகாஜூல் வெப்பம், மெத்தனாலில் 20தான். அதே வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். பத்து நிமிடம் வட்டமடித்து இறங்குகிறவனுக்குக் கவலையில்லை. தூரம் போகிறவன் என்ன செய்தான்?

1998 ஆகஸ்டில் ஏரோசோண்ட் என்ற 13 கிலோ எடையுள்ள ஆளில்லா விமானம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துத் தீவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்தது. 26 மணி 45 நிமிடம். அதிலிருந்தது மாடல் விமான எஞ்சின், பெட்ரோலுக்கு மாற்றியமைத்தது. 2003இல் மேனார்ட் ஹில், 70 வயது தாண்டி, கண்பார்வை ஏறக்குறையப் போன நிலையில், 5 கிலோவுக்குள் அடங்கிய ஒரு மாடலை அயர்லாந்து வரை அனுப்பினார். 3,000 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 39 மணி நேரம், 10 சிசி எஞ்சின். ஊற்றியது கூடார விளக்குக்கு விற்கும் கோல்மன் எண்ணெய்: சுத்தமான நாஃப்தா. உயவு எண்ணெய் மட்டும் சேர்த்தார். ஒரு சொட்டுச் சாராயம் இல்லை.

கலப்புப் பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் வெப்பம் குறைவு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிய கார்களில் கணினி கலவையைத் திருத்திக்கொள்ளும். சின்ன எஞ்சினின் கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பெட்ரோலுக்குத் திருகி வைத்த அளவிலேயே கலப்பை விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய் ஊதும். எல்லாவற்றையும்விட, எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் கடல்காற்றில் ஆறு மாதம் கேனில் கிடந்தால் கேட்க வேண்டாம். நீர் ஓர் அளவைத் தாண்டினால் சாராயமும் நீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்! டூ ஸ்ட்ரோக் எண்ணெயோ பெட்ரோலோடு மேலேயே நின்றுவிடும்.

ராணுவங்கள் சீமெண்ணெய் வகையைக் கேட்பதற்காவது நியாயம் இருக்கிறது. கப்பலில் பெட்ரோல் பீப்பாயை வைத்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை. ஆனால் அது குளிரில் லேசில் பற்றாது. நம் மீனவர்களைக் கேளுங்கள்: சீமெண்ணெய்ப் படகு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மாற்றுவார்கள். சின்ன விமானத்துக்கும் அதே தொல்லைதான். முன்சூடு, கூடுதல் எடை, கூடுதல் செலவு.

எத்தனாலால் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குப் பணம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. காருக்கு ஊற்றட்டும். பிரான்சில் பங்குக்குப் போனால் 5, 10, 85 என்று எத்தனால் அளவின் உச்சவரம்பு குழாயிலேயே எழுதியிருக்கும். வண்டிக்காரன் தன் எஞ்சினுக்கு ஏற்றதைப் பிடித்துக்கொள்வான். இங்கே சாதாரணக் குழாயில் 20 மட்டும்தான். ஸ்பிரேயர்காரர், மரம் அறுப்பவர், ட்ரோன் செய்து பார்க்கும் பாலிடெக்னிக் பையன் எல்லோருக்கும் அதே. கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஊருக்கு ஒரு பங்கில் ஒரு குழாய் போதும். "விலை கூடுமே" என்கிறார் நண்பர். கூடட்டுமே! கூடுதல் காசு கொடுக்கத் தயாராக நிற்கிறவனுக்கு விற்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?