டிடெக்டர் சத்தமும் நம்ம ஊர் மணலும்

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் லட்சக்கணக்கில் கூட்டம். மொட்டை போட்டுக்கொண்டு நேராகக் கடலுக்குப் போகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் லூசாகும், அப்புறம் ஒரே ஒரு அலை போதும். கல்யாண மோதிரத்தையோ தாலிக் குண்டையோ தொலைத்தவர்களுக்கு அது வெறும் கிராம் கணக்கு இல்லை.

"அதான் மெட்டல் டிடெக்டர் இருக்கே, வாங்கித் தேட வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்கலாம். தேடலாம்தான். ஆனால் ‘காயின்’ மோடில் வைத்துத் தேடினால் மோதிரமும் கிடைக்காது, சில்லறையும் கிடைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. அடியில் இருக்கும் காயில் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சின்னதாக மின்னோட்டம் சுழல, அதிலிருந்து பதில் சிக்னல் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வருகிறது. அந்தத் தாமதம் உலோகத்துக்கு உலோகம் மாறும். அதைத்தான் கருவி சத்தமாக மாற்றுகிறது. இரும்புக்கு அடித்தொண்டை உறுமல், மெல்லிய அலுமினியத் தாளுக்கும் சின்னத் தங்கத்துக்கும் நடுத்தரச் சுருதி, செம்புக்கும் வெள்ளிக்கும் கீச்சுக் குரல்.

இதில் ‘டிஸ்க்ரிமினேஷன்’ என்று ஒரு செட்டிங் உண்டு. குப்பை என்று நினைக்கும் உலோகத்துக்குச் சத்தமே வராமல் செய்துவிடலாம். காயின் மோட் செய்வது இதைத்தான்: இரும்பையும் அலுமினியத் தாளையும் வாயடைத்துவிடும். அமெரிக்காவில் இது சரிப்படும். அங்கே டைம், குவார்ட்டர் நாணயங்களில் பெரும்பகுதி செம்பு, அதனால் கீச்சென்று கத்தும்.

நம்ம சில்லறைக்கு வாருங்கள். ஒரு ரூபாய் 1992-இலிருந்து துருப்பிடிக்காத எஃகு. இரண்டு ரூபாயும் 2005-க்குப் பிறகு அதேதான். சந்தேகமிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும்! டிடெக்டருக்கு அது பெரும்பாலும் ஆணிக்குச் சொந்தக்காரன். இரும்பை வாயடைத்தால் கூடவே ஒரு ரூபாயும் வாயடைத்துப் போகும்.

தங்கத்தின் கதை இன்னும் மோசம். சின்ன மோதிரமும், மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசும். தாளின் தொல்லை வேண்டாம் என்று மூடினால் மோதிரத்தையும் மூடியதாகிவிடும். சங்கிலியோ கண்ணி கண்ணியாக இருப்பதால் பவுனுக்கு ஏற்ற சத்தம் தராது, முனகும்.

வணிகவியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒன்று படிக்கிறோமே, அது இங்கே அப்படியே பொருந்தும். ஒவ்வொரு சத்தத்தை அடைக்கும்போதும் நிம்மதி கிடைக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. அந்த விலை எதுவென்று தெரிந்து அடைக்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது? டிஸ்க்ரிமினேஷனைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வையுங்கள். ஒரே ‘பீப்’ போடும் மோடை விட்டுவிட்டு, மூன்று நான்கு டோன்களாகப் பிரியும் மோடுக்குப் போங்கள். இரும்பின் சத்த அளவைத் தனியாகக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள், அணைக்காதீர்கள். ‘த்ரெஷோல்டு’ ரீங்காரத்தைக் கேட்டும் கேட்காத அளவில் வையுங்கள். ஆழத்தில் கிடப்பது அந்த ரீங்காரத்தில் லேசான நெளிவாகத்தான் தெரியும். ஈர மணலில் உப்பும் மின்சாரம் கடத்தும், கருவி பொய்ச் சத்தம் போடும். அங்கே பீச் மோடு, கொஞ்சம் குறைத்த சென்சிட்டிவிட்டி. அலை இரைச்சலுக்கு ஹெட்போன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ரூபாய், மாத்திரை அட்டை, வீட்டு மோதிரம், மெட்டி நாலையும் மணலில் புதைத்துக் காதைப் பழக்குங்கள் (மோதிரத்தைப் புதைத்த இடம் ஞாபகம் இருக்கட்டும்!).

"எல்லாச் சத்தத்தையும் கேட்டால் தோண்டித் தோண்டியே இடுப்பு ஒடிந்துவிடுமே" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் 2009-இல் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். அங்கே "இது வெறும் ஆணிதான்" என்று ஒரு சத்தத்தை ஒதுக்க முடியாது. ஒவ்வொன்றையும் மெதுவாக, பக்கவாட்டில் சுரண்டிப் பார்த்தாக வேண்டும். தவறவிட்டால் ஒரு கால் போகும், உயிரே போகும். மோதிரம் தேடுபவருக்கு அந்தப் பயம் இல்லை, இடுப்பு வலி மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. காது பழகிவிட்டதென்று கடற்கரையை விட்டு வயல் பக்கமோ கோயில் பக்கமோ போய்விடாதீர்கள். பக்கத்து நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி 1930கள் வரை சுமார் 350 பௌத்த வெண்கலச் சிலைகள் மண்ணிலிருந்து கிடைத்தன. வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு, கருவி கீச்சென்றுதான் கத்தும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது. கடற்கரையில் கிடைக்கும் மோதிரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

கீழே என்ன இருக்கலாம் என்பதைக் கருவி சொல்லும். அது யாருடையது என்று சொல்லும் டோன் எந்தக் கம்பெனிக் கருவியிலும் கிடையாது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.