குரங்குக்கு வைத்த குறி

குச்சவெளிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கமக்காரர் ஒருவர் தம் மகனுடன் அண்மையில் என்னிடம் வந்திருந்தார். இரண்டு ஏக்கர் கச்சான். அதையடுத்துக் கொஞ்சம் சோளம். வேலியோரம் பத்துத் தென்னை. விதைத்த நாள் முதல் குரங்குக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிய கதையை அவர் ஆறுதலாகச் சொன்னார். மகனோ பேசவில்லை. பையிலிருந்து ஒரு காற்றுக் கைத்துப்பாக்கியை எடுத்து என் மேசைமீது வைத்தான்.

"ஐயா, முந்தி இது சத்தம் மட்டுந்தான். நான் கழற்றி உள்ளுக்குக் கொஞ்சம் மாத்தியிருக்கிறன். இப்ப தகரத்தையும் துளைக்கும். இது சட்டத்துக்குப் பிழையோ?"

சட்டத்தரணியைத் தேடி வருவோர் பெரும்பாலும் பிழை நடந்த பின்னரே வருவர். இவன் பாதி வழியில் வந்தான். அந்த அளவுக்கு நல்லது. அவனுக்கு நான் கூறிய மறுமொழியை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் இளைஞர் அவன் ஒருவன் மட்டுமல்லன் என்பதை நான் அறிவேன்.

முதலில் பயனைப் பார்ப்போம். காற்றுத் துப்பாக்கி என்றவுடன் விளையாட்டுப் பொருள் என்று எண்ணுதல் தவறு. 1780 ஆம் ஆண்டளவிலேயே ஒஸ்திரியப் படை காற்றழுத்தத்தால் இயங்கும் துவக்கைப் போர்க்கருவியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அது தனி வகை. நம் பிள்ளைகள் கையில் அகப்படுவது சுருள்வில்லால் இயங்கும் கைத்துப்பாக்கி. அதன் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் அரைக் கிராம் நிறையுடையது. செக்கனுக்கு 120 மீற்றர் வேகத்தில் அது புறப்பட்டால் அதன் வலு நான்கு யூலுக்கும் குறைவே. வேகத்தை இரட்டிக்க வேண்டுமாயின் வலு நான்கு மடங்காக வேண்டும். உள்ளேயுள்ள குழாயோ சிறியது. அதில் அடங்கும் காற்றும் சிறிதளவே. வில்லை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் காற்றுக்கு மேல் அது எதைத் தள்ளும்? இறுகிய வில் ஓரளவுக்கு மேல் சன்னத்தைத் தள்ளுவதை விட்டுத் துப்பாக்கியின் உடலைத்தான் அறைகிறது. ஆணி தளரும், பூட்டு நழுவும், கை விரல் நசுங்கும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? வேட்டைத் துவக்கின் தோட்டா ஒன்று 2000 யூலுக்கு மேல் வலுவுடையது. அதனோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆகவே குரங்கு சாகாது, ஓடும். வயிற்றிலோ கண்ணிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு ஓடி, எங்கோ ஒரு பற்றைக்குள் நாட்கணக்கில் அழுகிச் சாகும். கூட்டம் மறுநாள் திரும்பி வரும். ஆனால் குரங்கின் தோலை மட்டும் கிழிக்கும் அதே சன்னம் குழந்தையொன்றின் தலையில் பட்டால் நிலைமை வேறு. 2005 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் காற்றுத் துப்பாக்கிச் சன்னத்துக்கே பலியானான். அதன் பின்னர் எழுந்த குரலின் பயனாக 2015 இல் சட்டம் இயற்றப்பட்டு, 2016 டிசம்பர் 31 முதல் அங்கே காற்றுத் துப்பாக்கிக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. நம் தோட்டங்களில் வேலிக்கு அப்பால் யார் குனிந்து புல்லுப் பிடுங்குகிறார் என்று எவர் பார்த்துச் சுடுகிறார்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். பல நாட்டுச் சட்டங்கள் இவ்விடயத்தில் வலுவையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. இங்கிலாந்தில் 1969 ஆம் ஆண்டு விதிகள் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு ஆறு அடி இறாத்தல், அதாவது எட்டு யூல் அளவில், எல்லை வகுத்தன. அதைத் தாண்டினால் அது விளையாட்டுப் பொருளும் ஆகாது, அனுமதிப்பத்திரத்தால் தீரும் சங்கதியும் ஆகாது, தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 யூலை எல்லையாக்கின. நமது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமோ, வரிசையாக நிறுத்திய அட்டைகளைக் குறித்த தூரத்திலிருந்து துளைக்கும் வலு உண்டா என்று கேட்கிறது. எத்தனை அட்டை, எவ்வளவு தூரம் என்பதை வேண்டுமென்றே எழுதாது விடுகிறேன். எழுதினால் அளந்து பார்க்கவே சிலர் புறப்படுவர். அறிய வேண்டியது இதுதான்: நேற்றுவரை விளையாட்டுப் பொருளாயிருந்ததை ஓர் இரவில் துவக்காக மாற்றுபவன், அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பவன் ஆகிறான். வாங்கியபோது சட்டத்துக்குள் இருந்தது என்ற வாதம் நீதவான் முன் நில்லாது.

அதோடு முடிந்தால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. அநுராதபுரத்துக் கமக்காரன் மகன் இதே வேலையைச் செய்தால் பொலிசார் அதைக் குரங்குக் கதையாகவே கேட்பர். குச்சவெளித் தமிழ்ப் பிள்ளை செய்தால்? "யார் செய்யச் சொன்னது? இதுபோல் எத்தனை செய்தாய்?" என்றே விசாரணை தொடங்கும். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயருடன் மூன்று ஆண்டுக்கென வந்தது. 1982 இல் அந்தக் கால எல்லை நீக்கப்பட்டது. பெயரில் மட்டும் 'தற்காலிகம்' எஞ்சியது. சாதாரண வழக்கில் பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றாகாது. அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அந்த ஒரு பிரிவினால் வாழ்வின் வசந்தத்தைச் சிறையில் கழித்தோர் எத்தனை பேர்! ஒரு சுருள்வில்லுக்காக அந்த வாசலில் போய் நிற்க வேண்டுமா?

இவ்வளவும் கேட்ட தந்தையார் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நாங்க பயிரை விட்டுப்போட்டு இருக்கிறதோ?"

நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி கூற வேண்டியவர் நானல்லேன், அரசாங்கம். 2023 இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு எழவே விட்டுவிட்டார்கள். 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை எட்டு மணிக்கு நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணி முடித்த அரசு, கமக்காரனின் இழப்பை எண்ண எத்தனை ஆண்டு எடுக்கும்?

முன்னொரு காலத்தில் நம் பக்கத்தில் வயலுக்கு ஒரு துவக்கு இருந்தது. கச்சேரியில் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, முறைப்படி வைத்திருந்தனர். போர்க் காலத்தில் அவை ஒவ்வொரு திசையாலும் பறிபோயின. போர் 2009 இல் முடிந்தது. அதன் பின்னர் பயிர்க் காவலுக்கெனத் திருகோணமலை மாவட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தனர்? எத்தனை பேருக்குக் கிடைத்தது? குச்சவெளிப் பிரதேசத்தில் எத்தனை? மறுத்தவற்றுக்குக் காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டதா? தமிழில் கொடுக்கப்பட்டதா? இவற்றைக் கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு வழி திறந்திருக்கிறது. எல்லோர் கையிலும் துவக்கு வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சொல்லப்போனால் ஊருக்கு இரண்டு பேர், பயிற்சி பெற்றவர், பொறுப்புக் கூறுபவர், போதும். ஆனால் அந்த இரண்டு பேர் எங்கே?

அதுவரை காவற்பரணும் நாயும் முறைக் காவலும்தான். ஒருவர் தோட்டத்தில் மட்டும் காவல் இருந்தால் கூட்டம் அடுத்த தோட்டத்துக்குப் போகும். பத்துத் தோட்டக்காரர் முறை வைத்தால் பத்தும் தப்பும். இது பாட்டன் காலத்து வழி என்று இளைஞர் முகம் சுளிக்கலாம். பாட்டன் காலத்தில் கச்சான் வீடு வந்து சேர்ந்ததே!

அந்தப் பையன் பழைய வில்லை எடுத்து வைத்திருந்தான். அதை மீண்டும் பூட்டுவதிலும் நான் உடன்படவில்லை. மாற்றிய உறுப்புகளை என் கண் முன்னே அழித்துவிட்டு, மீதியை எங்கு, எவ்வாறு ஒப்படைப்பது என்பதைத் தந்தையுடன் இருந்து எழுதினோம். எழுதி முடித்ததும் அதே மேசையில் தகவல் கோரும் விண்ணப்பத்தையும் எழுதினோம். ஐந்து கேள்விகள், கீழே தந்தையின் கையொப்பம். திரியாய், கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, சலப்பையாறு ஊர்களிலுள்ள கமக்காரர் தத்தம் பெயரில் அவ்வாறே எழுதிப் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை மறவாது வாங்கிக்கொள்ளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும் பற்றுச்சீட்டோடு என்னிடம் வாருங்கள்.