பெட்டியின் மேல் ஒட்டிய சொல் யாருக்காக?

பெங்களூரு, புனே, குருகிராம் போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் ஒரு காட்சி பெருகி வருகிறது. குழந்தையின் அறையில் ஒரே அளவிலான, ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் அச்சிட்டு ஒட்டிய ஆங்கில லேபிள்: கார்ஸ், பிளாக்ஸ், அனிமல்ஸ், பஸில்ஸ், கிச்சன் செட். இந்த ஏற்பாட்டைப் பரப்பும் காணொளிகள் இதற்குச் சூட்டும் பெயர் 'குழந்தைக்கு ஒழுங்கு கற்பித்தல்'. உண்மையில் இது குழந்தைக்குக் கற்பிப்பதைக் காட்டிலும் குழந்தையிடமிருந்து பறிப்பதே மிகுதி.

மிக எளிய வினாவிலிருந்து தொடங்கலாம். அந்த லேபிளைப் படிப்பவர் யார்? மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. பல வீடுகளில் மாலையில் பொம்மைகளை அள்ளி வைப்பவர் வீட்டுப் பணியாளர். கன்னடமோ வங்காளமோ பேசும் அவர் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கும் அது தேவையில்லை. பெட்டிக்குள் கார்கள் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. எஞ்சுவது விருந்தினரும் கைபேசிக் கேமராவும்தான். வீட்டில் வாழும் எவருக்கும் பயன்படாத ஒரு சொல், வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்காகக் குழந்தையின் உடைமை மீது ஒட்டப்பட்டிருக்கிறது.

வகைப்படுத்துதல் என்பது முடிந்த வேலையின் மேல் பெயர் எழுதுவது அன்று, அதுவே சிந்தனை. லெவ் வைகாட்ஸ்கியின் 'சிந்தனையும் மொழியும்' (1934) நூலில் விவரிக்கப்படும் சோதனையில் நிறம், வடிவம், உயரம், பருமன் ஆகியவற்றில் வேறுபட்ட 22 மரக்கட்டைகள் பயன்பட்டன. ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, அதனோடு சேர்பவற்றை எடுக்கச் சொன்னால், குழந்தை முதலில் சில முக்கோணங்களை எடுக்கும். கடைசியாக எடுத்தது நீல முக்கோணமானால், அடுத்து வடிவத்தை விட்டுவிட்டு நீலக் கட்டைகளைத் தேடும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதோடு ஏதோ ஒரு பண்பால் இணையும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பண்பு இராது. இத்தகைய சங்கிலித் தொகுப்பை வைகாட்ஸ்கி முழுமையான கருத்துருவுக்கு முந்தைய படி என்றே கருதினார். ஆனால் அந்தப் படியில் கால் வைக்காமல் அடுத்ததற்கு ஏற முடியாது என்பதும் அவர் ஆய்வின் சாரம்.

பெரியவர்களின் மொழியிலும் இச்சங்கிலி உயிரோடிருக்கிறது. உடலின் தலை, ஊர்த் தலைவர், கட்டுரைத் தலைப்பு, புடவைத் தலைப்பு ஆகிய நான்குக்கும் பொதுவான பண்பு எது? எளிதில் ஒன்றைச் சுட்ட இயலாது. மேல்நிலை, முதன்மை, தொடக்கம், ஓரம் எனப் பொருண்மை ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு நகர்ந்திருக்கிறது. நாயைக் குறிக்கும் சொல்லால் பசுவையும் ஆட்டையும் அழைக்கும் குழந்தையிடமும் இதே உழைப்பு நடக்கிறது. ஈவ் கிளார்க் 1973இல் விரிவாக ஆராய்ந்த பொருண்மை மிகைவிரிவு அதுவே. வகுப்பறையில் இதைப் 'படைப்பாற்றல்' எனப் பாராட்டுவோர், வீட்டுத் தரையில் அதையே கண்டால் 'குப்பை' என்கின்றனர்.

மாலை ஏழு மணிக்கு அத்தரையில் கிடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி லாரியில் ஏறியிருக்கிறது. பொம்மைக் கரண்டி துடுப்பாகிவிட்டது. சதுரக் கட்டையொன்று சோப்பு. மூன்றும் சேர்ந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகும் ஒரு பயணம். லேபிளிட்ட பெட்டிகளோ ஒட்டகச்சிவிங்கியை அனிமல்ஸுக்கும் லாரியை கார்ஸுக்கும் கரண்டியை கிச்சன் செட்டுக்கும் கட்டையை பிளாக்ஸுக்கும் அனுப்புகின்றன. எழுதி முடித்த வாக்கியத்தைக் கலைத்து, அதன் சொற்களை அகராதியின் அகர வரிசைக்குத் திருப்பி அனுப்புவதற்கு இது நிகர். குச்சி குதிரையாவதே விளையாட்டில் பொருளிலிருந்து பொருண்மை விடுபடும் தருணம் என்றவர் வைகாட்ஸ்கி. குச்சியை நாள்தோறும் 'குச்சிகள்' பெட்டிக்கு அனுப்பும் வீட்டில் குதிரை எத்தனை நாள் நிற்கும்?

இழப்பு அத்தோடு முடிவதில்லை. பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பாட்டி 'சொப்பு' என்றழைப்பது பெட்டியின் மேல் 'கிச்சன் செட்' ஆகும்போது, வீட்டின் சொல்லுக்கு எழுத்துரு மறுக்கப்படுகிறது. எழுதத் தகுந்த மொழி ஆங்கிலம், வீட்டு மொழி வாயோடு நிற்க வேண்டியது என்னும் பாடம் எழுத்தறியுமுன்பே புகட்டப்படுகிறது. அதே நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யப்படும் சன்னப்பட்டணா பொம்மைகளின் நிலையும் கருதத்தக்கது. பெட்டிகளின் ஆங்கிலப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லாததால், பல வீடுகளில் அவை வரவேற்பறையின் கண்ணாடி அலமாரிக்கு ஏறிவிடுகின்றன. குழந்தையின் கைக்காகச் செய்த பொருள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

மறுப்புகள் உண்டு, அவை எளிதில் தள்ளத்தக்கவையல்ல. முதலாவது, ஒழுங்கு வேண்டாமா என்பது. வேண்டும். இரண்டு அறை வீட்டில் இருட்டில் கட்டையை மிதித்தவருக்கு அதை எவரும் சொல்லத் தேவையில்லை. இதற்கு மாண்டிசோரியின் பெயரைச் சான்றாகக் காட்டுவதுதான் பிழை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர் வலியுறுத்தியது குறைந்த பொருள்கள், குழந்தையின் கைக்கெட்டும் திறந்த அலமாரி, எடுத்ததைத் தானே திரும்ப வைக்கும் பழக்கம். குழந்தையின் செயலே அங்கு மையம். பெரியவரின் லேபிளுக்கு அங்கு வேலையில்லை.

இரண்டாவது, லேபிள்கள் எழுத்தறிவுக்குத் துணை என்பது. அப்படியானால் அவை குழந்தை பேசும் மொழியில் இருக்க வேண்டும். இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் பயிற்றுமொழி வீட்டு மொழியாக அமைய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. பள்ளிக்கு அதைப் பரிந்துரைக்கும் நாட்டில் வீடே அதைக் கைவிடுவது விந்தை.

மூன்றாவதே கனமானது: அலுவலகம் முடிந்து திரும்பும் தாய் குழந்தையின் சங்கிலித் தொகுப்புக்கு எப்படிக் காத்திருப்பார்? காத்திருக்க இயலாதுதான். ஆனால் இரவுதோறும் நூறு பொருள்களை எட்டு வகையாகப் பிரித்து வைக்கும் வேலையை அவர் தலையிலும் பணியாளர் தலையிலும் சுமத்தியதே இந்தப் பெட்டிகள்தாம். தந்தையர் பெரும்பாலும் இக்காணொளிகளில் தென்படுவதில்லை. வேலையைக் குறைக்கும் வழி பொருள்களைக் குறைப்பது. 36 குழந்தைகளை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 16 பொம்மைகள் இருந்தபோதைவிட நான்கு மட்டும் இருந்தபோது அவர்கள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரமும் பலவிதமாகவும் விளையாடியதைக் கண்டது.

ஆகவே செய்யத்தக்கவை சில. பாதிப் பொம்மைகளைப் பரணில் ஏற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றலாம். எஞ்சியவற்றுக்கு மூன்று அகன்ற கூடைகள் போதும். எது எங்கே போக வேண்டும் என்பதைக் குழந்தையே, தன் மொழியில், தீர்மானிக்கட்டும். கூடைக்குப் பெயர் வேண்டுமெனில் குழந்தை சொன்ன சொல்லை வீட்டு எழுத்தில் எழுதி ஒட்டலாம். அச்சொல் 'ஆத்துக்குப் போறது' என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும். தரையில் ஒரு மூலை மறுநாள் காலைவரை கலைக்கப்படாமல் கிடக்கட்டும். இவற்றை அன்றாடம் கவனிக்கும் பொறுப்பில் தந்தைக்கும் சரிபாதி உண்டு.

வகைப்பாட்டின் அதிகாரம் குறித்துக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கும் கல்வியாளர்களின் வீடுகளிலும் இதே பெட்டிகள் இருக்கின்றன. அவர்கள் இன்று மாலை லேபிள்களை உரித்துவிட்டு, இந்தப் பொம்மை ஏன் அந்தப் பொம்மையோடு இருக்க வேண்டும் என்று தம் குழந்தையிடம் ஒருமுறை கேட்கட்டும். வரும் விடையைத் திருத்தாமல் குறித்து வைக்கட்டும்.