ஒருகொடவத்தை கொழும்புக்குள்ளயா, வெளியிலயா?

"எங்க இருக்கிறீங்க?"

"ஒருகொடவத்தை."

"ஆ... அது கொழும்புக்குள்ளயா?"

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற எங்கட நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதே இல்லை. அவங்களைக் குறை சொல்ல ஏலாது, எங்களுக்கே சரியான பதில் தெரியாது. பேஸ்லைன் வீதியால தெமட்டகொடையைத் தாண்டிக் களனிப் பாலத்தை நோக்கிப் போனால், பாலத்துக்குக் கொஞ்சம் முதல் அவிசாவளைப் பக்கம் ஒரு றோட்டுப் பிரியும். அதுதான் எங்கட சந்தி. இந்தச் சந்தியைச் சுற்றித்தான் கொழும்பு மாநகர சபையின் எல்லை முடிந்து கொலன்னாவை நகர சபை தொடங்குகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாங்கள் "கொழும்பு" எண்டு எழுதுவோம். வெள்ளம் வந்தால் செய்தியில எங்கட பெயர் "கொலன்னாவை" ஆகிவிடும்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது, எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குள் தண்ணி வந்தது. அவளுடைய வீடு வெல்லம்பிட்டிப் பக்கம். 2016 மே வெள்ளத்தையும் பார்த்த வீடு அது. தண்ணி வடிந்து, சேற்றைக் கழுவி, நனைந்த மெத்தையை வெளியே எறிந்த பிறகு அம்மா சொல்லிவிட்டார்: "இனி இங்க இருக்க ஏலாது. வெள்ளவத்தையில ஒரு அறை எண்டாலும் பரவாயில்ல, பாருங்க." அப்பாவுக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் என்ன சொல்றீங்க எண்டு கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கட வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, எல்லோரும் ஒரு பட்டியல் போடத் தொடங்கினோம். இருப்பதால் என்ன நன்மை, என்ன தீமை?

முதலில் நன்மைகள்.

வாடகைதான் முதல் காரணம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு சின்ன வீட்டுக்குக் கேட்கிற வாடகையும் அட்வான்ஸும் எங்கட பக்கம் வந்தால், இரண்டு அறையும் ஒரு துண்டு முற்றமும் உள்ள வீடு கிடைக்கும். முற்றம் எண்டால் பெரிய விசயம். உடுப்புக் காயப்போடலாம், கறிவேப்பிலை நடலாம், பாட்டி கதிரை போட்டு இருக்கலாம்.

இரண்டாவது, தூரம். புறக்கோட்டை, பொறளை, தேசிய வைத்தியசாலை எல்லாம் கிட்ட. 154 பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியா வெள்ளவத்தைக்கே போகலாம், நின்றுகொண்டு போனாலும் ஒரே பஸ். 2013இல் கட்டுநாயக்க அதிவேக வீதியும், 2021 நவம்பரில் புதிய களனிப் பாலமும் திறந்த பிறகு விமான நிலையத்துக்குப் போவதும் லேசாகிவிட்டது. நாங்கள் விமானம் ஏறினது குறைவு, ஏத்திவிடப் போனதுதான் கூட. அது வேற கதை.

மூன்றாவது, தொழில். நைட்டாவின் வாகனப் பொறியியல் பயிற்சி நிலையம் ஒருகொடவத்தையில்தான் இருக்கு. கொரிய உதவியோடு அமைந்த தொழிற்பயிற்சி நிலையமும் இங்கதான். பல்கலைக்கழகம் கிடைக்காத பெடியங்களுக்கு அதுவே ஒரு வாசல். கொள்கலன் யார்ட், கராஜ், களஞ்சியம் எண்டு நடந்து போகிற தூரத்தில் வேலையும் இருக்கு.

நான்காவதை நாங்கள் கடைசியாகத்தான் எழுதினோம், ஆனால் அதுதான் மனதுக்கு நெருக்கமானது. எங்கட ஒழுங்கையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் கலந்துதான் இருக்கிறோம். சிங்களத்தை நாங்கள் வகுப்பில் படிக்கவில்லை, கிரிக்கெட் விளையாடிப் படித்தோம். வெள்ளம் வந்த இரவு பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டு நானா. சமைத்த சோற்றுப் பார்சல் வந்தது பன்சலையிலிருந்து.

இனித் தீமைகள். இந்தப் பக்கமும் நீளம்தான்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதல் பிரச்சினை. முதலாம் ஆண்டு அனுமதியில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரத்துக்குப் பெரிய இடம் இருக்கு. வாக்காளர் பட்டியலில் பெயர், வீட்டு உறுதி எல்லாம் பார்த்துப் புள்ளி போடுவாங்க. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உள்ள நல்ல தமிழ்ப் பள்ளிகளுக்குக் கிட்ட இருப்பவருக்கே முதல் வாய்ப்பு. எல்லைக்கு வெளியே இருப்பவர் புள்ளியில் பின்னால நிற்பார். எங்களில் இரண்டு பேர் விடிய 5 மணிக்கு எழும்பி வான் ஏறித்தான் பள்ளிக்காலத்தை முடித்தோம்.

அடுத்தது மொழி. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. ஆனாலும் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது எங்களுக்குக் கிடைத்த படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு வாசிக்கத் தெரியும், அம்மாக்களுக்குத் தெரியாது. வரிசையில் நின்ற ஏழெட்டு அம்மாக்களுக்கு நாங்களே நிரப்பிக் கொடுத்தோம். நாங்கள் போகாத நாளில் அவங்க என்ன செய்திருப்பாங்க?

பிறகு, இரவு. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தால், அங்க இருக்கிற தோழிகள் கதைத்துக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போவாங்க. நாங்கள் சந்தியில் இறங்கி, கொள்கலன் லொறிகளுக்கும் மதிலுக்கும் நடுவில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கோணும். அதனால் எங்கட பெண்பிள்ளைகள் பலர் கூட்டத்துக்கே வருவதில்லை. வாடகையில் மிச்சம் பிடித்ததை இப்படி வேற வழியில் கட்டுகிறோம்.

கடைசியாகத் தண்ணி. அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம்.

பட்டியலைப் பார்த்த ஒருவன் கேட்டான்: "அப்ப வெள்ளவத்தைக்குப் போனால் சரிதானே?" நியாயமான கேள்வி. ஆனால் எங்கட ஆக்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருங்கி இருப்பது கோயிலுக்கும் தோசைக்கடைக்கும் மட்டுமில்லை. 1983க்குப் பிறகு, தனியாக இருப்பதைவிடச் சேர்ந்து இருப்பது பாதுகாப்பு எண்டு நினைத்தார்கள். வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ஆனால் சேர்ந்திருந்தும், 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. கொழும்புக்குள்ள இருந்தால் எல்லாம் சரி எண்டு எங்கட அம்மா அப்பாக்களின் தலைமுறை நம்பவில்லை. நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஏலாது.

இன்னொரு விசயமும் எங்களுக்கு விளங்கியது. தீமைகள் பக்கத்தில் நாங்கள் எழுதிய பல, இந்த மண்ணோடு பிறந்தவை இல்லை. நகரம் தனக்கு வேண்டும், ஆனால் தன் வாசலில் வேண்டாம் எண்டு நினைத்ததை எல்லாம் இங்க கொண்டுவந்து வைத்திருக்கு.

எண்ணெயைப் பாருங்க. நாடு முழுக்கத் தேவையான எண்ணெய்த் தாங்கிகள் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்தன. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி விடுதலைப் புலிகள் அவற்றைத் தாக்கியபோது எரிந்தது எங்கட தலைக்கு மேல்.

குப்பையைப் பாருங்க. கொழும்பின் குப்பை முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டலில் மலையாகக் கிடந்தது. அந்தச் சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2009இல் அது மூடப்பட்டதும், மாநகரக் குப்பை மீதொட்டமுல்லைக்கு வந்தது. மீதொட்டமுல்ல கொலன்னாவை நகர சபைப் பகுதி. கொலன்னாவையும் தன் குப்பையை அங்கதான் போட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் மலை ஆனது கொழும்பின் குப்பையால். சனம் றோட்டில் இறங்கிக் கத்திப் பார்த்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பலகாரத் தட்டோடு வீடு வீடாகப் போக வேண்டிய நாள் அது.

தண்ணியையும் பாருங்க. களனி உயரும்போது நகரத்தைக் காப்பாற்ற அணைக்கட்டும் மதகும் இருக்கு. ஆனால் ஆறு உயர்ந்து நிற்கும்போது உள்ளே பெய்த மழைத்தண்ணி கால்வாய் வழியா ஆற்றுக்குப் போக ஏலாது. அது தங்கி நிற்கத்தான் சதுப்பு நிலம். கொலன்னாவைச் சதுப்பு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வீடும் களஞ்சியமும் கட்டிவிட்டோம். "விட்டோம்" எண்டு சொல்வது தெரிந்துதான். எங்கட வீடுகளும் சில அதன்மேல்தான் நிற்குது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைத்தது. நல்ல விசயம். அந்த ஈரநிலத்தில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதும் அதே நகரத்தின் கடமை.

இங்கதான் எங்கட கோபம். மீதொட்டமுல்லைக்குக் குப்பை அனுப்பிய மாநகர சபைக்கு, மீதொட்டமுல்லைச் சனத்தால வாக்குப்போட ஏலாது. அவங்க வாக்குப்போடுவது கொலன்னாவைக்கு. கொழும்பில் ஒரு மேயரைத் தோற்கடித்து "போதும்" எண்டு சொல்லுற வழி அவங்களுக்கு இருக்கவில்லை.

எல்லையை விரித்தால் போதுமா? சென்னையைப் பாருங்க. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக விரிந்தது. நகரத்தின் குப்பையைச் சுமந்த பெருங்குடி அப்போதுதான் மாநகராட்சிக்குள் வந்தது. குப்பை மேடு அடுத்த நாளே மறைந்துவிடவில்லை. புளூமெண்டலும் மாநகரத்துக்குள்ளதான் இருந்தது, அங்கயும் சனம் நாறித்தான் கிடந்தது. ஆகவே வாக்கு மட்டும் போதாது எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனால் வாக்கு இருந்தால், யாரிடம் போய்க் கேட்பது எண்டாவது தெரியும்.

மீதொட்டமுல்ல சரிந்த பிறகு என்ன நடந்தது? 2019இல் கொழும்பின் குப்பை புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்குப் போகத் தொடங்கியது. புத்தளத்துச் சனம் எதிர்த்து நின்றது. எங்கட வாசலில் இருந்து போனது நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டோம். ஆனால் நாங்கள் கத்திய அதே வார்த்தைகளை அவங்க கத்தும்போது, சும்மா இருக்க வெட்கமாக இருந்தது.

ஆகவே எங்கட முடிவு இது. புறநகரில் இருப்பது நல்லதா கெட்டதா எண்டால், சமாளிக்கக் கூடிய வருமானம் உள்ள இளசுகளுக்கு நல்லது. சின்னப் பிள்ளையும் வயசான பெற்றோரும் உள்ள வீட்டுக்கு, தாழ்வான பக்கம் எண்டால், கஷ்டம். இங்க வர யோசிக்கிறவங்களுக்கு ஒன்று சொல்லுவோம்: புறோக்கர் சொல்வதை மட்டும் கேட்காதீங்க. பக்கத்து வீட்டில் கேளுங்க, 2016இல் தண்ணி சுவரில் எவ்வளவு உயரம் வந்தது எண்டு. அடையாளத்தைக் கையால தொட்டுக் காட்டுவாங்க. இரவு 8 மணிக்கு ஒருமுறை சந்தியிலிருந்து வீடு வரை நடந்து பாருங்க. பள்ளிக்கூடத் தூரத்தை முதலே கணக்குப் பாருங்க.

ஏற்கெனவே இங்க இருக்கிறவங்களுக்கு வேற வேலை இருக்கு. 2018க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தல் நடக்க 2025 மே வரை காத்திருந்தோம். இப்போது நாட்டில் சபைகள் இருக்கு. குப்பை, கால்வாய், தெருவிளக்கு, பஸ், தமிழில் படிவம், இந்த ஐந்தையும் எழுதி எங்கட உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறோம். குப்பையும் தண்ணியும் சபை எல்லை பார்த்து வருவதில்லை. ஆகவே அந்த இரண்டிலும் கொழும்பும் கொலன்னாவையும் சேர்ந்து, சனத்தைக் கூப்பிட்டு, முடிவெடுக்கோணும் எண்டு கேட்போம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நண்பர்களே, அதே கடிதத்தை உங்கட மாநகர சபை உறுப்பினரிடம் நீங்களும் கொடுங்க. எங்களிடம் இல்லாத வாக்கு உங்களிடம் இருக்கு.

அந்தத் தோழியின் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அம்மா வெள்ளவத்தையில் இரண்டு அறைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றில் யன்னலே இல்லையாம். இப்போதைக்கு ஆவணங்களையும் பாட்டியின் மருந்தையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். வாடகைப் பேச்சும் ஒரு பக்கம் நடக்குது.