துருப்பிடிப்பது பட்டமா, வாதமா?

‘அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயிண்டில் வேதிப் பொறியியல் படிப்பது வீண். ஐந்தாண்டுக் கட்டாயப் பணி முடிவதற்குள் படித்ததெல்லாம் துருப்பிடித்துவிடும்’ என்கிறார்கள். இதில் பாதி உண்மை. எந்தப் பாடம் படித்தாலும் செகண்ட் லெப்டினன்ட் சம்பளம் ஒன்றுதான். கல்லூரி முடித்து நேரே ஆலைக்குப் போனவர், ஆலை அனுபவத்தில் முந்தியும் விடுவார். ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதிதான் இடிக்கிறது. 1802இல் தொடங்கிய அந்த அகாடமிதான் அமெரிக்காவின் முதல் பொறியியல் பள்ளி. படை என்றால் துப்பாக்கி மட்டுமா? எரிபொருள், வெடிமருந்து, குடிநீர் எல்லாம் யார் தலையில்? களத்தில் உப்புநீரைச் சவ்வு வழியே அழுத்திக் குடிநீராக்குவது வேதிப் பொறியியல் இல்லாமல் வேறென்ன?

இன்னொன்று. கொலராடோவின் பியூப்லோவில் கடுகு வாயுக் குண்டுகளை எப்படி ஒழித்தார்கள்? நஞ்சை வெந்நீரில் சிதைத்து, எஞ்சியதை நுண்ணுயிர்களுக்கு இரையாக்கினார்கள். அமெரிக்கா, தான் அறிவித்திருந்த ரசாயன ஆயுதக் கையிருப்பின் கடைசித் துளியை 2023 ஜூலையில் அழித்து முடித்தது. இப்படிப்பட்ட ஆலையில் ஒப்பந்ததாரர் நீட்டும் கணக்கைச் சரிபார்க்க, சீருடைக்குள்ளும் ஒரு பொறியாளர் வேண்டாமா?

சூத்திரம் மறக்கும், புத்தகத்தைப் புரட்டினால் திரும்பும். ‘உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எங்கே?’ என்று கேட்கும் பழக்கம் மறக்காது. அந்தக் கேள்வி ஆலைக்கு மட்டுமல்ல, பாசறைக் கிடங்குக்கும் பொருந்தும்.