ஊரின் தேவை யாருடைய தேவை?

கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசாத மந்திரியும் இல்லை. எழுதாத பத்திரிகையும் இல்லை. இப்போது அதற்கு "நிலைத்து நிற்கும் வளர்ச்சி" என்று ஒரு புதுப் பெயரும் வந்திருக்கிறது. பெயரைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஊரின் தேவை இன்னதென்று கணக்கெடுக்கிறார்களே, அது யாரைக் கேட்டு எடுக்கப்படுகிறது என்பதே நமது கேள்வியாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ல் அமுலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமானது குடிதண்ணீர், ரோடு, சுகாதாரம், கல்வி முதலிய 29 விஷயங்களைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்க வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்திற்கு 6 தடவை கிராமசபை கூடவும் ஏற்பாடு இருக்கிறது. ஓட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினரே. மிராசுதாரர் என்றும் பண்ணையாள் என்றும் அங்கே வித்தியாசம் கிடையாது.

ஆனால் நடப்பதென்ன? நாலு பெரிய மனிதர்கள் கோயில் மண்டபத்தில் கூடி முடிவு செய்துவிட்டு, சபையில் கையெழுத்து மாத்திரம் வாங்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்கிற ஒரே காரணத்திற்காக, 1996 முதல் 2006 வரை 10 வருஷகாலம் பஞ்சாயத்தையே நடக்கவொட்டாமல் செய்தார்கள். தேர்தலைத் தடுத்தார்கள், மீறி நடந்தால் ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். குழாயும் விளக்கும் இல்லாவிட்டாலும் ஜாதி இருந்தால் போதும் என்பதல்லவா இதன் அர்த்தம்? கிராமத்தைப் புகழ்ந்து பாடியவர்களை டாக்டர் அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கண்டித்தது எவ்வளவு நியாயம் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

நிற்க, தேவையைக் கணக்கெடுப்பது எப்படி? மண்டபத்தில் உட்கார்ந்தல்ல, ஊரின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள்? கக்கூஸ் உண்டா? அவள் மகள் பஸ் இல்லாமல் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினாள்? அவர்கள் பிணத்தைத் தூக்கிப்போக வழி உண்டா? இவற்றுக்குப் பதில் எழுதினாலே ஊரின் தேவை தானே தெரிந்துவிடும். கடைசி வீட்டிற்குப் போன தண்ணீர் முதல் வீட்டிற்குப் போகாமல் இருக்காது. முதல் வீட்டோடு நின்ற தண்ணீர் கடைசி வீட்டிற்கு ஒருநாளும் போகாது.

இன்னொரு சங்கதி. ஏரிக்கு வரும் வாய்க்காலை ஆக்கிரமித்துக் கொள்வது, பிறகு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவது, அதுவும் வற்றினால் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பது! இது வளர்ச்சியுமல்ல, நிலைத்து நிற்பதுமல்ல. வாய்க்காலைப் பிடித்தவன் மனிதன். அதை மீட்க வேண்டியவனும் மனிதனே. இதில் சாமிக்கு வேலையில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த கிராமசபைக்குக் கூட்டமாகப் போங்கள். பெண்களையும் அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரச் செய்யுங்கள். கும்பாபிஷேகத்திற்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கத் தெரிந்த ஊருக்குச் சாக்கடைக் கணக்குப் பார்க்கவும் தெரியவேண்டும். தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிறவரையில் ஊரின் தேவை என்பது பெரிய மனிதர்களின் தேவையாகத்தான் இருக்கும் என்று எச்சரிக்கிறோம்.