படகு எலும்பும் பட்டாணி எலும்பும்

கடந்த ஆண்டு விடுதிப் படிக்கட்டில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு ஏதும் தென்படவில்லை. “ஸ்கேஃபாய்டாகவும் இருக்கலாம், வலி நீடித்தால் வாருங்கள்” என்றார் மருத்துவர். அச்சொல்லின் கிரேக்க வேர் எனக்குத் தெரியும். அது என் கையைப் பற்றி என்ன சொல்கிறது என்பது தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். நான்கு வாரம் வலியோடு தட்டச்சு செய்துவிட்டு மீண்டும் சென்றபோதுதான் முறிவு புலப்பட்டது.

ஸ்கேஃபாய்டு என்றால் படகு போன்றது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இருக்கும் சிற்றெலும்பு. அதற்குக் குருதி பெரும்பாலும் விரல்பக்க முனையில் நுழைந்து முன்கையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. எலும்பு நடுவில் முறிந்தால், முன்கைப் பக்கத் துண்டு குருதியின்றி மடிந்துபோகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே ஐயமிருந்தால் கையை அசையாமல் கட்டி, இரண்டு வாரத்திற்குள் மறுபடியும் படம் எடுக்க வேண்டும். இவ்வளவையும் நோயாளியின் மொழியில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஏன் கிடைப்பதில்லை என்பதே என் கேள்வி.

மணிக்கட்டின் எட்டு எலும்புகளின் பெயர்களை நம் மாணவர்கள் முதலெழுத்துச் சூத்திரங்களால் உருப்போடுகிறார்கள். அப்பெயர்களோ அவற்றின் தாய்மொழிகளில் மிக எளிய சொற்கள்: படகு, பிறை, முக்கோணம், பட்டாணி, மேசை, மேசை போன்றது, தலையுள்ளது, கொக்கியுள்ளது. ‘ரேடியஸ்’ சக்கரத்தின் ஆரக்கால். கணக்குப் பாடத்தில் ‘ஆரம்’ படித்த பிள்ளைக்கு அது புதிய சொல்லே அன்று. ‘அல்னா’ இலத்தீனில் முழங்கையையும் குறிக்கும், நீட்டலளவையையும் குறிக்கும். நம் ‘முழம்’ முழங்கையோடு கொண்டுள்ள உறவும் அதுவே.

2022 அக்டோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது விவாதம் இரண்டாகப் பிரிந்தது. அந்நூல்களில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரும்பாலும் தேவநாகரி எழுத்தில் அப்படியே தரப்பட்டிருந்தன. ஒரு சாரார் அதை எள்ளினர். மறுசாரார் தூய சொற்களைக் கோரினர். இரண்டும் போதா என்பது என் கருத்து. எழுத்தை மாற்றினால் ஒலி கிடைக்கும், பொருள் கிடைக்காது. வழக்கில் இல்லாத வேர்களிலிருந்து ஆக்கிய புதுச்சொல்லோ ஒரு புதிரை நீக்கி இன்னொரு புதிரை வைக்கும்.

உலகப் பொதுப்பெயர் வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆய்விதழுக்கும், மாநிலம் கடந்து பணியாற்றும் மருத்துவருக்கும் அது தேவை. ஆனால் அப்பெயர்களும் நிலையானவை அல்ல. 1858இல் ஹென்றி கிரே ‘ஸ்கேஃபாய்டு’ என்று எழுதிய எலும்பை 1895இன் பாசல் சொற்பட்டியல் ‘நாவிகுலாரே’ என்றது. பிற்காலத்தில் பழைய பெயரே திரும்பி வந்தது. கிரேக்கம் இலத்தீனாகியும் படகு மட்டும் படகாகவே இருந்தது. கடத்தப்பட்டது ஒலி அன்று, உருவம்.

அந்த உருவத்தைத் தமிழிலும் கடத்தலாம் என்பது புதிய கனவன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பாடநூலில் பொதுப்பெயர் இருக்கட்டும். அருகிலேயே அதன் பொருள் மாணவரின் மொழியில் இருக்கட்டும். செய்முறைத் தேர்வில் எலும்பைக் காட்டிப் பெயர் கேட்கும் ஆசிரியர், “இதை நோயாளிக்கு எப்படிச் சொல்வாய்?” என்றும் கேட்கட்டும். அதற்கும் மதிப்பெண் வழங்கட்டும்.

கையில் இருபத்தேழு எலும்புகள். அவற்றைச் சுமப்பவருக்கு அவற்றின் பெயர் புரிய வேண்டும் என்பது மொழிப்பற்று மட்டுமன்று, மருத்துவமும்கூட.